மூளைக்கட்டியிலிருந்து மீண்ட பிள்ளைகளின் பார்வையை நீண்டகாலம் சோதித்து வருவது எப்படி

சிறு வயதில் மூளைக்கட்டி வந்து சிகிச்சை முடித்த பிள்ளைகளில் பலர் தங்கள் பார்வையில் குறை இருப்பதாகச் சொல்வதில்லை. சொல்லாததால் குறை இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் தொடர் கண்காணிப்பில் நேரும் பெரிய பிழை. மூன்று வயதில் ஒரு கண்ணின் பார்வையையோ இரு கண்களிலும் பார்வைப் பரப்பின் ஒரு பாதியையோ இழந்த குழந்தைக்கு முழுப் பார்வை எப்படி இருக்கும் என்ற நினைவே கிடையாது; தனக்குத் தெரிவதுதான் எல்லோருக்கும் தெரிகிறது என்றே அது வளர்கிறது. கதவு நிலையில் தோள் இடிப்பதும், வீசிய பந்தைத் தவறவிடுவதும், படிக்கும்போது வரி மாறிப்போவதும் கவனக்குறைவு என்றும் சோம்பல் என்றும் பெயர் பெற்றுவிடுகின்றன. ஆகவே இந்தப் பிள்ளைகளிடம் கேட்பது மட்டும் போதாது. சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதையும் ஆண்டுக்கணக்கில், ஒரே முறையில், அந்தப் பிள்ளையின் பழைய அளவுகளோடு ஒப்பிட்டுச் செய்து வர வேண்டும்.

இந்த வழிகாட்டி முதன்மையாகக் கண் பரிசோதகர்களையும் தொடர் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுவோரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பெற்றோரும், இப்போது பெரியவர்களாகிவிட்ட மீண்டவர்களும் படித்து, தங்களுக்குச் செய்யப்படும் சோதனை முழுமையானதுதானா என்று பார்த்துக்கொள்ளலாம்.

சோதனைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை

பிள்ளையை நாற்காலியில் உட்காரவைப்பதற்குள் பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். சிகிச்சைச் சுருக்கத்தைப் படிக்காமல் சோதனையைத் தொடங்கக் கூடாது. ஏனெனில் கட்டி எங்கே இருந்தது என்பதுதான் எதைத் தேட வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. நரம்புகளில் கட்டிகள் வளரச் செய்யும் மரபணு நோயான நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் முதல் வகை உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் பேருக்குப் பார்வை நரம்புப் பாதையில் கிளையோமா கட்டி தோன்றுகிறது. அது பெரும்பாலும் 7 வயதுக்கு முன்பே தெரியவந்து, பார்வைக் கூர்மையையும் நிற உணர்வையும் நேரடியாகத் தாக்குகிறது. பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே வளரும் கிரேனியோஃபாரிஞ்சியோமா, இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் சந்திப்பை அழுத்தி, ஒவ்வொரு கண்ணிலும் காதுப் பக்கத்துப் பார்வைப் புலத்தை (கண்ணை அசைக்காமல் பார்க்கும்போது தெரியும் பரப்பை) பறிக்கிறது. சிறுமூளைப் பகுதியில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா, எபெண்டிமோமா, பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா ஆகியவை பார்வைப் பாதையைத் தொடாமலே தீங்கு செய்பவை: மூளை நீரின் ஓட்டத்தை அடைத்துத் தலைக்குள் அழுத்தத்தை உயர்த்தி, கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு தொடங்கும் வட்டமான நரம்புத் தட்டை வீங்கவைத்து, வீக்கம் வடிந்த பிறகு நரம்பை வெளுத்துப்போகச் செய்கின்றன, கண்ணசைவையும் கெடுக்கின்றன. மூளையின் நடுவிலுள்ள பீனியல் சுரப்பிப் பகுதியில் கட்டி வந்தவர்களிடம் மேல்நோக்கிப் பார்க்கும் திறனைக் குறிப்பாகச் சோதிக்க வேண்டும்.

கதிர்வீச்சு பெற்றிருந்தால் மொத்த அளவு, எத்தனை பங்குகள், எந்தப் பகுதி, எந்த ஆண்டு என்ற நான்கும் தேவை. பார்வை நரம்பு, வழக்கமான சிறு பங்குகளாகக் கொடுக்கப்படும் கதிர்வீச்சை ஏறக்குறைய 50 முதல் 54 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. அதற்கு மேல் போகப்போக, வலி எதுவும் இல்லாமல் சில வாரங்களுக்குள் பார்வை மங்கும் கதிர்வீச்சு நரம்புப் பாதிப்பின் அபாயம் உயர்கிறது. இப்பாதிப்பு பெரும்பாலும் சிகிச்சை முடிந்த முதல் 3 ஆண்டுகளுக்குள் தலைகாட்டும். கண்ணின் லென்ஸ் இதைவிடப் பல மடங்கு மென்மையானது. சில கிரே அளவே பின்னாளில் கண்புரைக்கு வழிசெய்துவிடும். மெடுல்லோபிளாஸ்டோமா தலையின் பின்பக்கத்தில்தானே இருந்தது, கண்ணுக்கு என்ன வரப்போகிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் மூளை முழுவதற்கும் தண்டுவடத்துக்கும் சேர்த்துக் கொடுக்கும் கதிர்வீச்சில் மூக்கின் மேற்கூரையை ஒட்டிய மூளையின் முன்பகுதியையும் விடாமல் உள்ளடக்க வேண்டியிருப்பதால், கண்களுக்கும் ஒரு பங்கு போய்ச் சேர்கிறது.

மருந்துப் பட்டியலில் சில பெயர்களைத் தேடிப் பார்க்க வேண்டும். நீண்டநாள் ஸ்டீராய்டு கண்புரைக்கும் கண் அழுத்த உயர்வுக்கும் காரணமாகலாம். வின்கிரிஸ்டின் இமை தொங்குவதற்கும் கண்ணசைவு நரம்புத் தளர்ச்சிக்கும் காரணமாகலாம். வலிப்புக்குக் கொடுக்கப்படும் விகாபாட்ரின் பார்வைப் புலத்தின் ஓரங்களைச் சுருக்கும். அந்த இழப்பு பொதுவாக மீள்வதில்லை. கிளையோமாவுக்கு இப்போது பயன்படும் செலுமெட்டினிப், டிராமெட்டினிப் போன்ற மருந்துகள் விழித்திரைக்கு அடியில் நீர் தேங்கச் செய்யக்கூடும். வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் தனிக் கவனத்துக்குரியவர்கள்: அந்த ஹார்மோன் சிலருக்குத் தலைக்குள் அழுத்தத்தை உயர்த்துகிறது என்பதால், ஊசி தொடங்குவதற்கு முன்பும் தொடங்கிய பிறகு அவ்வப்போதும் நரம்புத் தட்டைப் பார்த்தாக வேண்டும். கிரேனியோஃபாரிஞ்சியோமாவிலிருந்து மீண்ட பலர் இந்த ஊசியைப் பெறுகிறவர்கள் என்பதால் இது அரிதான சூழ்நிலை அல்ல.

கடைசியாக, பழைய அளவுகள். முந்தைய பார்வைக் கூர்மை எந்த அட்டையில், எந்தத் தூரத்தில் எடுக்கப்பட்டது, கண்ணாடியோடா கண்ணாடி இல்லாமலா என்பது தெரியாவிட்டால் அந்த எண் ஒப்பீட்டுக்குப் பயன்படாது.

பிள்ளைக்கு ஏற்ப சோதனையை அமைத்தல்

இப்பிள்ளைகளிடம் எடுக்கும் அளவு பிழையாவதற்குக் கண் அல்லாத காரணங்கள் நிறைய உண்டு. அவற்றைச் சோதிப்பவர் முன்கூட்டியே கழித்துவிட வேண்டும். சிஸ்பிளாட்டின் பெற்ற பிள்ளைக்கு உயர் ஒலிகள் கேட்காமல் போயிருக்கலாம். விளக்கை அணைத்துவிட்டு, முகம் தெரியாத இருட்டில் பின்னாலிருந்து சொல்லும் அறிவுரை அதன் காதில் அரைகுறையாகத்தான் விழும். எனவே வெளிச்சத்தில், முகத்துக்கு நேராக உட்கார்ந்து, செய்முறையை ஒருமுறை செய்து காட்டிவிட்டு, பிறகுதான் விளக்கைக் குறைக்க வேண்டும். சிறுமூளைப் பாதிப்பால் கை நடுங்கும் பிள்ளை புலச் சோதனையில் பொத்தானைத் தாமதமாக அழுத்தும். கருவி அதைத் தெரியாத புள்ளியாகக் கணக்கிட்டுவிடும். அத்தகைய பிள்ளையை வாயால் சொல்லச் சொல்லி, பொத்தானைச் சோதிப்பவரே அழுத்தலாம். பேச்சு மெதுவாக வரும் பிள்ளைக்கு எழுத்தின் பெயரைச் சொல்வதைவிட, மடியில் உள்ள அட்டையில் அதே எழுத்தைத் தொட்டுக் காட்டுவது எளிது. அவ்வாறு பதில் தரும் பிள்ளைக்கு நேரமும் தாராளமாகக் கொடுக்க வேண்டும். தகவலைச் சிந்தையில் வாங்கிப் பதில் தரும் வேகம் குறைவது மூளைக் கதிர்வீச்சின் அறியப்பட்ட பின்விளைவு.

களைப்பு இவர்களுக்கு உடனே வந்துவிடும். காலை நேரத்தில், சாப்பிட்ட பிறகு, மற்ற மருத்துவமனை வேலைகளுக்கு முன்பாக வரச் சொல்வது நல்லது. கவனம் அதிகம் தேவைப்படும் பார்வைக் கூர்மையும் புலச் சோதனையும் முதலில் வர வேண்டும். படம் எடுக்கும் கருவிகள் பின்னால் வரலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தைவிட, இரண்டு நாட்களாகப் பிரித்து நம்பகமான அளவுகளை எடுப்பதே மேல். பாவையை விரிக்கும் சொட்டு மருந்து கடைசியில்தான் வர வேண்டும். ஷண்ட் (தலைக்குள் தேங்கும் மூளை நீரை வடியவைக்கும் குழாய்) வைத்த பிள்ளைக்குச் சொட்டு மருந்து இட்டால், எந்த மருந்து, எந்தக் கண், எத்தனை மணிக்கு என்று எழுதிப் பெற்றோரிடம் கொடுத்தனுப்புவது அவசியம்: அன்று மாலை வாந்தியோடு அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், விரிந்த பாவையைத் தலைக்குள் அழுத்தம் கூடியதன் அறிகுறி என்று மருத்துவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது.

பார்வைக் கூர்மை

ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். கைவிரல்களால் மறைப்பதை ஏற்கக் கூடாது. விரலிடுக்கு வழியாகப் பார்ப்பது குழந்தைகளுக்கு மிக எளிது. ஒட்டும் பட்டையே நம்பகமானது. கண்ணாட்டம் உள்ள பிள்ளைக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு: ஒரு கண்ணை முழுமையாக மூடினால் ஆட்டம் கூடிப் பார்வை இன்னும் குறையக்கூடும் என்பதால், மறு கண்ணுக்கு முன் மங்கலாக்கும் லென்ஸை வைத்துச் சோதிக்க வேண்டும், பிறகு இரு கண்களும் திறந்த நிலையில், பிள்ளை தானாகத் தலையைச் சாய்த்துக்கொள்ளும் கோணத்திலேயே ஓர் அளவு எடுக்க வேண்டும். வகுப்பறையில் அந்தப் பிள்ளைக்குப் பயன்படும் பார்வை அந்த இரண்டாவது அளவுதான்.

எழுத்து தெரியாத குழந்தைக்கு டெல்லர் அட்டைகள் உண்டு: சாம்பல் நிற அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் கோடுகள் இருக்கும், குழந்தை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை நடுவிலுள்ள சிறு துளை வழியாகக் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய மூன்று வயதிலிருந்து லியா படங்களும், ஹெச், ஓ, டி, வி என்ற நான்கு எழுத்துகளைப் பொருத்திக் காட்டும் சோதனையும் கைகூடும். அதற்கு மேல், எழுத்துகள் வரிக்கு வரி ஒரே விகிதத்தில் சிறிதாகும் லாக்மார் அட்டை. எழுத்துகளைத் தனித்தனியாகக் காட்டாமல், சுற்றிலும் கோடுகள் அல்லது பக்கத்து எழுத்துகள் இருக்கும்படி காட்ட வேண்டும். தனி எழுத்து பார்வையை இருப்பதைவிட நன்றாகக் காட்டிவிடும்.

அளவை லாக்மாரில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 6/6 என்ற இயல்பான கூர்மை 0.0, 6/12 என்பது 0.3, 6/60 என்பது 1.0 (எண் கூடினால் பார்வை குறைவு), ஒவ்வொரு வரியும் 0.1 என்பதால் கூட்டிக் கழித்துப் பார்க்க முடிகிறது. நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் மருந்து ஆய்வுகளுக்கான அளவீடுகளை வகுத்த ரெய்ன்ஸ் குழு, 2013-இல் வெளியிட்ட பரிந்துரையில், 0.2 லாக்மார் மாற்றத்தை, அதாவது இரண்டு வரிகளை, உண்மையான மாற்றத்துக்கான எல்லையாக வைத்தது. ஒரு வரி குறைந்தால் வேறு ஒரு நாளில் மறுபடியும் எடுத்துப் பார்க்கலாம். இரண்டு வரி குறைந்தால், பவர் மாறவில்லை என்பதையும் பிள்ளை ஒத்துழைத்தது என்பதையும் உறுதி செய்துவிட்டு, அன்றே சிகிச்சைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இரண்டு இடங்களில் இந்த எண்கள் ஏமாற்றும். முதலாவது, சோதனை முறை மாறும் காலம். டெல்லர் அட்டைகள் நரம்புப் பாதிப்பு உள்ள கண்ணில் பார்வையை எழுத்துச் சோதனையைவிட மேலாகக் காட்டக்கூடியவை. நேற்றுவரை டெல்லர், இன்று முதல் எழுத்து என்று மாறினால், எதுவுமே கெடாத கண்ணில் பார்வை சரிந்தது போன்ற தோற்றம் வரும். எனவே மாறும் காலத்தில் ஒரே நாளில் இரண்டு முறையிலும் அளவெடுத்து இரண்டையும் பதிய வேண்டும். இரண்டாவது, வளர்ச்சி. ஆரோக்கியமான குழந்தையின் அளவு வயதோடு மேம்பட்டுக்கொண்டே வரும். மூன்று வயதில் 0.3 எடுத்த குழந்தை ஆறு வயதிலும் 0.3-இலேயே நின்றால், எண்ணில் மாற்றமில்லை; ஆனால் அடைந்திருக்க வேண்டிய வளர்ச்சியை அந்தக் கண் அடையவில்லை. மாற்றம் இல்லை என்று அறிக்கை எழுதுவதற்கு முன் வயதுக்குரிய அளவோடு ஒப்பிடும் பழக்கம் கட்டாயம் வேண்டும்.

பார்வை குறைந்திருந்தால் எல்லாப் பழியையும் கட்டியின்மேல் போட்டுவிடக் கூடாது. சொட்டு மருந்திட்டுக் கண்ணாடிப் பவர் பார்க்க வேண்டும். மாறுகண்ணால் வந்த சோம்பேறிக் கண்ணா என்றும் பார்க்க வேண்டும். நரம்புப் பாதிப்பு உள்ள கண்ணிலும் சோம்பேறிக் கண் சேர்ந்திருக்கலாம். அந்தப் பகுதி இளம் வயதில் கவனித்தால் மீட்கக்கூடியது. மூளைக்கட்டியால் வந்தது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, ஒரு சாதாரணக் கண்ணாடியால் கிடைத்திருக்கக்கூடிய பார்வையைக் கிடைக்காமல் செய்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

நிறமும் ஒளி வேறுபாடும்

இஷிஹாரா புத்தகம் பிறவியிலேயே வரும் சிவப்பு-பச்சைக் குறைக்காக உருவாக்கப்பட்டது. நீலம்-மஞ்சள் குறையை அது பிடிக்காது. அதையும் காட்டும் ஹெச்ஆர்ஆர் தட்டுகள் இருந்தால் அவற்றையே பயன்படுத்துவது நல்லது. ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு வெளிறித் தெரிகிறது என்று பிள்ளை சொன்னால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். மங்கலான எழுத்துகளைக் கொண்ட பெல்லி-ராப்சன் அட்டையை 1 மீட்டர் தூரத்தில் வைத்துச் சோதிக்கச் சில நிமிடங்களே ஆகும். 6/6 படித்தும் மங்கிய வெளிச்சத்தில் படிக்கட்டில் தடுமாறும் பிள்ளையின் சிரமத்துக்கு அதில் விடை கிடைக்கக்கூடும்.

பார்வைப் புலம்

எழுத்து அட்டையில் கடைசி வரிவரை படித்துவிடும் பிள்ளை பாதி உலகத்தைக் காணாதிருக்க முடியும் என்பதால், இந்தச் சோதனையைத் தவிர்ப்பதற்கு எந்தச் சாக்கும் ஏற்கத்தக்கதல்ல என்பது என் உறுதியான கருத்து. முதல் தடயம் எழுத்து அட்டையிலேயே கிடைத்துவிடும். வலப் பாதி தெரியாத பிள்ளை ஒவ்வொரு வரியிலும் கடைசி எழுத்துகளை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகும். இடப் பாதி தெரியாத பிள்ளை வரியின் நடுவிலிருந்து தொடங்கும், அல்லது வரியின் தொடக்கத்தைத் தேடத் தலையைத் திருப்பும். பெரிய எழுத்து வரியிலும் இதே பாங்கு தெரிந்தால் அது கூர்மைக் குறைவு அல்ல. அத்தகைய பிள்ளையின் தாளில் எத்தனை எழுத்து சரி என்று மட்டும் குறிக்காமல், எந்தப் பக்கத்து எழுத்துகள் விடுபட்டன என்றும் குறித்து வைக்க வேண்டும்.

கருவி இல்லாத இடத்தில் முகத்துக்கு முகம் செய்யும் சோதனை உண்டு. பிள்ளைக்கு எதிரே சுமார் 1 மீட்டர் தள்ளி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடச் செய்து, சோதிப்பவரின் மூக்கையே பார்க்கச் சொல்லி, நான்கு கால்பகுதிகளிலும் விரல்களைக் காட்டி எண்ணச் சொல்ல வேண்டும். இரு கண்களையும் திறந்துவைத்து இதைச் செய்வது வீண்வேலை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. நரம்புச் சந்திப்பு பாதிக்கப்பட்டவரின் இரு கண்களிலும் காதுப் பக்கப் புலம் போயிருந்தாலும், வலக் கண்ணின் மூக்குப் பக்கப் புலம் இடப்புறத்தையும், இடக் கண்ணின் மூக்குப் பக்கப் புலம் வலப்புறத்தையும் ஈடுசெய்துவிடும். சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாம் சரியாகவே தெரியும். இன்னும் நுட்பமாகப் பார்க்க, ஒரு சிவப்பு மூடியை நடுக்கோட்டின் இருபுறமும் மாற்றி மாற்றிக் காட்டி, எந்தப் பக்கம் நிறம் மங்குகிறது என்று கேட்கலாம். தவழும் வயதுக் குழந்தைக்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் முன்னால் நின்று கவனத்தை ஈர்க்க, மற்றவர் பின்னாலிருந்து ஒலி எழுப்பாத பொம்மையை ஒவ்வொரு பக்கமாக மெல்ல முன்னே கொண்டுவர, குழந்தை எப்போது திரும்புகிறது என்று பார்க்க வேண்டும்.

ஐந்தாறு வயதில் கோல்ட்மன் முறையில் நகரும் ஒளிப்புள்ளியைப் பின்பற்றப் பல குழந்தைகளால் முடிகிறது. சோதிப்பவர் பிள்ளையின் கண்ணைத் தொடர்ந்து கவனித்து, தேவைப்படும்போது நிறுத்தி, ஊக்கப்படுத்தித் தொடர முடிவது இதன் பலம். எட்டு வயதை ஒட்டி நகராத ஒளிப்புள்ளிகளைக் காட்டும் ஹம்ஃப்ரி கருவியில், நடுப் புலத்தைச் சோதிக்கும் 24-2 அமைப்பில், விரைவு முறையில் முயலலாம். முதல் தடவை எடுத்த புலத்தைப் பயிற்சியாகக் கொண்டு, அதை அடிப்படை அளவாகக் கொள்ளாதிருப்பது நல்லது. தெரியாததைத் தெரிகிறது என்று அழுத்திய தவறுகள் 15 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் படத்தை நம்ப வேண்டாம். கருவி ஒப்பிடும் இயல்பளவுகள் பெரும்பாலும் பெரியவர்களுடையவை. ஆகவே சிதறிக் கிடக்கும் கரும்புள்ளிகளைப் பற்றிக் கலங்கத் தேவையில்லை. ஆனால் நடுச் செங்கோட்டில் கத்தியால் வெட்டியதுபோல நிற்கும் எல்லை, ஒத்துழைப்பு எவ்வளவு மோசமாக இருந்தாலும், தற்செயலாக வருவதில்லை. தலையில் அணியும் புதுவகைப் புலக் கருவிகளைப் பயன்படுத்தும் இடங்களில் ஓர் எச்சரிக்கை: அவற்றில் காந்தம் இருக்கலாம், பிள்ளையின் ஷண்ட் வால்வு வெளியிலிருந்து காந்தத்தால் மாற்றியமைக்கும் வகையா என்று கேட்டுவிட்டே அணிவிக்க வேண்டும்.

இரு காதுப் பக்கப் புலமும் போனவர்களுக்கு வரும் ஒரு தொல்லை அவர்களாலேயே விளக்க முடியாதது. ஒரு கண்ணின் புலத்துக்கும் மறு கண்ணின் புலத்துக்கும் பொதுவான பகுதி இல்லாததால் இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நழுவுகின்றன. படிக்கும்போது சொல்லின் நடு எழுத்து இரட்டிக்கிறது அல்லது மறைகிறது. பார்க்கும் புள்ளிக்கு அப்பால் உள்ள பொருள் காணாமல் போவதால் ஊசியில் நூல் கோப்பதும் கோப்பையில் நீர் ஊற்றுவதும் சிரமமாகின்றன. இதைச் சோதிப்பவரே முன்வந்து கேட்டால், பலரும் முதல்முறையாக அதைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

பாவை, கண்ணசைவு, கண்ணின் மேற்பரப்பு

கைவிளக்கை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றிக் காட்டும்போது ஒரு பாவை சுருங்காமல் விரிந்தால் அந்த நரம்பு மற்றதைவிடப் பலவீனமானது. இரு நரம்புகளும் சமமாகக் கெட்டிருந்தால் இந்த வேறுபாடு தெரியாது என்பதை மறக்கக் கூடாது. பீனியல் பகுதிக் கட்டி வந்தவர்களிடம் பாவை ஒளிக்குச் சுருங்காமல், அருகில் பார்க்கும்போது சுருங்குவதைக் காணலாம்.

கண்ணசைவை ஒன்பது திசைகளிலும் பார்த்து, தொலைவிலும் அருகிலும் மறைப்புச் சோதனை செய்து, ஆழ உணர்வைச் சோதிக்க வேண்டும். ஆறாவது நரம்பு தளர்ந்தவருக்கு இரட்டைப் பார்வை தொலைவில் கூடும். சிறு குழந்தைகள் ஒரு பிம்பத்தை மூளையிலேயே அடக்கிவிடுவதால் இரட்டையாகத் தெரிகிறது என்று சொல்லாமல், முகத்தைத் திருப்பி வைத்துக்கொள்வார்கள். சிறுமூளைப் பாதிப்பில் கண் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். அதுதான் வரி தவறுவதற்குக் காரணம் என்று ஆசிரியருக்கு எழுதிக் கொடுத்தால் அளவுகோலை வரிக்குக் கீழே வைத்துப் படிக்க அனுமதி கிடைக்கும்.

கண்ணை முழுமையாக மூட முடிகிறதா என்றும், மரக்கச் செய்யும் சொட்டு மருந்து இடுவதற்கு முன்பாகவே பஞ்சு நுனியால் கருவிழியின் தொடு உணர்வு எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இமை மூடாததும் உணர்வு இல்லாததும் ஒரே கண்ணில் சேர்ந்தால் வலியே இல்லாமல் கருவிழி புண்ணாகிவிடும். கதிர்வீச்சு பெற்றவர்களிடம் கண் உலர்ச்சியையும் சாயமிட்டுப் பார்க்க வேண்டும்.

நரம்புத் தட்டும் ஓசிடி படமும்

பாவையை விரித்து லென்ஸ், விழித்திரை, நரம்புத் தட்டு மூன்றையும் பார்க்க வேண்டும். கதிர்வீச்சாலும் ஸ்டீராய்டாலும் வரும் புரை பெரும்பாலும் லென்ஸின் பின்புறப் படலத்தை ஒட்டித் தோன்றும். வெளிச்சத்தில் கண் கூசுவதுதான் அதன் முதல் அறிகுறியாக இருக்கும். விழித்திரையில் சிறு இரத்தக் கசிவுகளும் வெண்புள்ளிகளும் கதிர்வீச்சு விழித்திரை நோயின் அடையாளம்.

ஷண்ட் அடைபட்டால் நரம்புத் தட்டு வீங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பலர் தவறவிடுவது அதன் மறுபக்கத்தை: ஏற்கனவே வெளுத்துப்போன நரம்பில் வீங்குவதற்கு இழைகள் மிச்சம் இல்லை. ஆகவே நரம்பு வெளுத்த பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி, திடீர்ப் பார்வைக் குறைவு ஆகியவற்றில் எது வந்தாலும், தட்டில் வீக்கம் இல்லை என்ற ஒன்றை வைத்து ஷண்ட் சரியாக இருக்கிறது என்று சொல்லவே கூடாது. உடனே நரம்பு அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் எடுக்கும் ஓசிடி படம், நரம்பு இழைப் படலத்தின் தடிமனையும் விழித்திரையின் நடுவான மாகுலாப் பகுதியிலுள்ள நரம்பணுப் படலத்தின் தடிமனையும் மைக்ரான் கணக்கில் தருகிறது. சொல்லிக் காட்ட முடியாத குழந்தைக்கும், புலச் சோதனையில் ஒத்துழைக்காத பிள்ளைக்கும் இது பெரும் துணை. எம்ஆர்ஐ-க்காக மயக்கம் கொடுக்கும்போது கையில் பிடிக்கும் ஓசிடி கருவியால் கைக்குழந்தைக்கும் எடுத்துவிட முடிகிறது. நரம்புச் சந்திப்பிலோ அதற்குப் பின்னாலோ ஏற்பட்ட சேதத்தில், மாகுலாவின் நரம்பணுப் படலம் நடுச் செங்கோட்டை எல்லையாகக் கொண்டு ஒரு பாதியில் மெலிவதைக் காணலாம். நம்பகமில்லாத புலப் படத்துக்கு இது சாட்சி சொல்லும். ஒரே நிறுவனத்தின் ஒரே வகைக் கருவியில்தான் தொடர்ந்து எடுக்க வேண்டும். வெவ்வேறு கருவிகளின் மைக்ரான் எண்களை ஒப்பிட முடியாது. படலம் மிகவும் மெலிந்துவிட்ட பிறகு அந்த எண் அடித்தளத்தில் நின்றுவிடும். அதற்குமேல் பார்வை குறைந்தாலும் படம் காட்டாது. அத்தகைய கண்ணைக் கூர்மையையும் புலத்தையும் கொண்டுதான் கண்காணிக்க முடியும். நரம்பு வீக்கம் தடிமனைக் கூட்டி இழப்பை மறைக்கும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

பார்வைத் தூண்டல் மின் அலைச் சோதனை, மற்ற எதுவும் இயலாத பிள்ளைக்கு உதவும். ஆனால் ஒரே பிள்ளையிடமே நாளுக்கு நாள் வேறுபடும் என்பதால் அதை மட்டும் வைத்துச் சிகிச்சை முடிவு எடுக்கக் கூடாது.

கண் நன்றாக இருந்தும் பார்வை சிரமப்படும்போது

கூர்மை, புலம், படம் மூன்றும் சரியாக இருந்தும், பார்த்ததைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதிகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கக் கேள்விகளே கருவி. நெரிசலான இடத்தில் எதிரே நிற்கும் தாயைத் தேட முடிகிறதா? பொம்மைகள் நிறைந்த பெட்டியில் குறிப்பிட்ட ஒன்றை எடுக்கத் திணறுகிறதா? தரையில் நிறம் மாறும் இடத்தைப் படி என்று நினைத்துக் காலைத் தூக்குகிறதா? தெரிந்தவர்களை முகத்தால் அல்லாமல் குரலால் அடையாளம் காண்கிறதா? ஒரு பக்கத்தில் பத்துக் கணக்குகள் இருந்தால் குழம்பி, ஒவ்வொன்றாக மறைத்துக் காட்டினால் சரியாகச் செய்கிறதா? ஆம் என்ற பதில்கள் சேர்ந்தால், உருவம் பார்த்து வரைதல், பார்வை உணர்வு ஆகியவற்றை அளக்கும் நரம்பு உளவியல் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இதில் சோதிப்பவர் காட்டும் பொறுமையால் பல ஆண்டுகள் சோம்பேறி என்று கேட்டு வந்த பிள்ளைக்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. அதன் மதிப்பை எந்த அளவுகோலாலும் எழுத முடியாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை, எப்படிப் பதிவது

பார்வை நரம்புப் பாதையில் கட்டி உள்ளவர்களை, கண்டறிந்த முதல் ஆண்டில் 3 மாதத்துக்கு ஒருமுறையும், நிலைப்பட்ட பிறகு இடைவெளியை மெல்லக் கூட்டியும் பார்ப்பது வழக்கம். எம்ஆர்ஐ-யில் கட்டி அளவு மாறாமலே பார்வை குறையலாம். கட்டி வளர்ந்தும் பார்வை மாறாமல் இருக்கலாம். எனவே ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதைக் காரணம் காட்டிக் கண் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. கண்ணுக்கு அருகே கணிசமான கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது, வாழ்நாள் முழுவதும் பாவை விரித்துப் பார்க்க வேண்டும். புரை பல ஆண்டுகள் கழித்தும் வரக்கூடியது.

அறிக்கையில் எண்களோடு, பிள்ளை எவ்வளவு ஒத்துழைத்தது, எந்தக் கண் முதலில் சோதிக்கப்பட்டது, என்ன உதவி கொடுக்கப்பட்டது என்பனவும் இடம்பெற வேண்டும். பள்ளிக்கு ஒரு தனித் தாள் எழுதிக் கொடுப்பதும் சோதிப்பவரின் பொறுப்பே: வலப்புறம் தெரியாத பிள்ளை வகுப்பின் வலப்பக்கத்தில் உட்கார்ந்தால் பலகையும் ஆசிரியரும் அதற்குத் தெரிகிற இடப்புறத்தில் அமைவார்கள், இடப்புறம் தெரியாத பிள்ளைக்கு நேர்மாறாக, எழுத்தின் அளவு, வரி இடைவெளி, தேர்வில் கூடுதல் நேரம் எவ்வளவு தேவை என்பனவும் அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

பதினாறு, பதினேழு வயதில் வாகனம் ஓட்டும் பேச்சு வரும் முன்பே இரு கண்களும் திறந்த நிலையில் ஒரு புலச் சோதனை எடுத்துவிட வேண்டும். பல நாடுகள் கிடைமட்டத்தில் 120 டிகிரி தெரிய வேண்டும் என்று கேட்கின்றன, இரு கண்களிலும் ஒரே பக்கத்துப் பாதிப் புலத்தை இழந்தவருக்கு அது கிட்டாது. அந்தச் செய்தியை உரிமம் கேட்டு நிற்கும் இடத்தில் வேறொருவர் வாயால் கேட்பதைவிட, தன்னை ஆண்டுக்கணக்கில் சோதித்து வந்தவரிடம் முன்கூட்டியே கேட்பது பிள்ளைக்கு நல்லது. அதே வயதில், கதிர்வீச்சு அளவு, எல்லாப் பார்வைக் கூர்மை அளவுகள், புலப் படங்கள், ஓசிடி படங்களின் மூலக் கோப்புகள் ஆகியவற்றை ஒரே கோப்பாக்கிப் பெற்றோரிடம் அல்லாமல் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, ஒவ்வொரு தாளும் என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து விளக்க வேண்டும். இனிப் பெரியவர்களுக்கான மருத்துவமனையில் புதிய மருத்துவரிடம் அதை எடுத்துச் சொல்லப்போகிறவர் அவர்தான்.